மணிக்கட்டில் எதுவும் இல்லை

ஷிப்னாவைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஐந்து வருஷம் ஒரே பிரிவில் அவளோடு வேலை செய்தேன். அதில் இரண்டு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நடக்கக் கூடாதது அந்த இரண்டு மாதத்துக்குள்தான் நடந்தது. அதனால் அவளைப் பற்றிச் சொல்லும்போது என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஊவா மாகாணத்தில் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அதன் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் இருவரும் தாதிகள். நான் நிரோஜா, மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். ஷிப்னா என்னை விட ஐந்து வயது இளையவள். பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கும் மொஹிதீன் நானாவின் மூத்த மகள். பிரிவில் இருந்த பதினெட்டுத் தாதிகளில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். தோட்டங்களிலிருந்து நோயாளியைக் கொண்டு வருகிறவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே திருதிருவென்று நிற்பார்கள். எங்களில் ஒருத்தி தமிழில் வாயைத் திறந்ததும் அவர்களுக்குப் பாதி உயிர் திரும்பி வரும். அதற்குப் பிறகு எங்களை விட மாட்டார்கள். சாப்பிடப் போனாலும் பின்னால் வந்து நிற்பார்கள்.

ஷிப்னா ஆட்களின் முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். ஒருமுறை எங்களோடு வேலை செய்த பெண்ணின் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பொண்ணு எப்படி இருந்தாள் என்று திரும்பி வரும் வழியில் கேட்டேன். சோறு போட்ட ஆளின் சுண்டுவிரல் நகத்தைப் பற்றி அவள் பத்து நிமிஷம் பேசினாள். கை பார்க்கும் ஜோசியக்காரி என்று அவளைக் கிண்டல் செய்வோம். அவளுக்குக் கோபம் வராது. கை காட்டுங்க, சொல்றேன் என்பாள். கையை நீட்டினால் கழுவி விட்டு வரச் சொல்வாள்.

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் கழுத்துக் குழாய். நாங்கள் அதைச் சென்ட்ரல் லைன் என்போம். வீட்டுக்காரர்களுக்கு விளக்கும்போது கழுத்துக் குழாய் என்று சொல்வோம். கழுத்திலுள்ள பெரிய இரத்த நாளத்துக்குள் விட்டு, இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி வைக்கிற மெல்லிய குழாய் அது. கை நரம்பு தாங்காத வீரியமான மருந்துகளை அதன் வழியாகத்தான் கொடுப்போம். எத்தனையோ உயிரை அது பிடித்து வைத்திருக்கிறது. கவனம் தப்பினால், தோலில் இருக்கிற கிருமியை நேரே இரத்தத்தில் கொண்டு போய்ச் சேர்ப்பதும் அதுதான். ஷிப்னா வந்து சேர்ந்த வருஷம் எங்கள் பிரிவில் ஏழு பேருக்கு அப்படி ஆனது. அதில் மூன்று பேர் போய்விட்டார்கள். வந்த நோயிலிருந்து தப்பி, நாங்கள் வைத்த குழாயால் போனவர்கள்.

அதற்குப் பிறகு எங்கள் விசேட வைத்திய நிபுணர் அம்மா ஒரு தாளைக் கொண்டு வந்தார். அதில் பதினொரு கட்டங்கள். குழாய் போடும்போது ஒரு தாதி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக உரக்க வாசிக்க வேண்டும். கை கழுவியாயிற்றா, மணிக்கட்டில் எதுவும் இல்லையா, தொப்பி, முகக்கவசம், அங்கி, கையுறை போட்டாயிற்றா, தோலில் பூசிய மருந்து காய்ந்துவிட்டதா, இப்படி. ஒன்று தவறினாலும் தாதி டொக்டரை நிறுத்தலாம் என்று தாளின் அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தாளில் எழுதுவதற்கு என்ன, எதையும் எழுதலாம். பதினெட்டுப் பேரில் அந்தப் பொறுப்பை விரும்பி வாங்கியவள் ஷிப்னா ஒருத்திதான். கொழும்பில் இரண்டு வாரம் படித்து விட்டு வந்தாள். அடுத்த வருஷம் ஏழு ஒன்றாகக் குறைந்தது. அதில் பெரிய பங்கு அவளுடையது. இதைச் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

அந்தத் தாளுக்கு முதலில் விலை கொடுத்தவளும் அவளே. முழங்கைக்குக் கீழே துணியோ நகையோ நூலோ எதுவும் இருக்கக் கூடாது என்பது சட்டம். முழுக்கைச் சட்டை போட்டு வளர்ந்தவள், பிரிவுக்குள் முழங்கை தெரிய நின்றாள். தாதியர் தினத்தன்று யாரோ எடுத்த படம் பேஸ்புக்கில் போய், பதுளையிலிருந்து கிட்டத்தட்ட முடிவாகியிருந்த சம்பந்தம் விலகிப் போயிற்று. அவள் உம்மா ஸுலைஹா ஒரு வாரம் மகளோடு பேசவில்லை. எனக்கு அதைச் சொல்லும்போது ஷிப்னா சிரித்தாள். மாப்பிள்ளையின் கையை ஒருமுறை பார்த்தாளாம், நகம் சரியில்லையாம். அதற்குப் பிறகு மருந்து அறைக்குள் போய் வெகுநேரம் ஊசி எண்ணிக்கொண்டிருந்தாள்.

இந்த நாட்டில் யாருடைய மணிக்கட்டில் நூல் இல்லை? சிங்களப் பிள்ளைகளுக்குப் பௌத்த பிக்குகள் ஓதிக் கட்டும் வெள்ளைப் பிரித் நூல், எங்களுக்கு மஞ்சள் காப்பும் கறுப்புக் கயிறும். இதில் ஒரு முஸ்லிம் பெண் போய் அதை வெட்டு, இதை அவிழ் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஷிப்னா நியமனம் கிடைத்து வந்த புதிதில்தான் 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்கடுத்த மாதங்களில் அவளுடைய பையைத் தினமும் வாசலில் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு நோயாளியின் மகன் தன் அப்பாவுக்கு இவள் ஊசி போடக் கூடாது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். அவள் ஊசித் தட்டை என் கையில் கொடுத்து விட்டு ஒதுங்கி நின்றாள். மொஹிதீன் நானா மகளுக்கு ஒரே ஒரு புத்திதான் சொன்னாராம். வேலையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசு, அவர்களுடைய மதத்தில் கை வைக்கிற மாதிரி ஒரு சொல்லும் உன் வாயிலிருந்து வரக் கூடாது.

அதனால் நூல் விஷயத்தில் அவள் புத்தியாக நடந்துகொண்டாள். தான் நேராகச் சொல்லாமல் பொறுப்புச் சிஸ்டரைக் கொண்டு சொல்ல வைத்தாள். நூலை வெட்ட வேண்டாம், முழங்கைக்கு மேலே தள்ளிக் கட்டிக்கொண்டால் போதும் என்று வழியும் சொல்லிக் கொடுத்தாள். சிங்களப் பிள்ளைகள் சந்தோஷமாகச் செய்தார்கள். டொக்டர்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சிஸ்டரும் டொக்டர்களிடம் சொல்கிற ஆள் இல்லை.

சிக்கல் என் காப்பில் வந்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் முடியும் வரை அவிழ்க்கக் கூடாது. இடம் மாற்றவும் முடியாது. அவிழ்த்தால் அவிழ்த்ததுதான். அந்த வருஷம் அப்பா தீ மிதிக்க நேர்ந்திருந்தார். குடும்பத்தில் எல்லாரும் கட்டினோம். எனக்கு முதல் நாளுக்கு மட்டும்தான் லீவு கிடைத்தது. மறுநாள் மஞ்சள் கிழங்கு கட்டிய காப்போடு வேலைக்கு வந்தேன். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஷிப்னா நின்றிருந்தாள்.

நாலு நாளில் அவிழ்த்து விடுவேன் என்றேன். அவள் கேட்கவில்லை. நாலு நாளும் வேறு வாட்டுக்குப் போகச் சொன்னாள். போக ஆள் மாற்றிக் கொடுக்க யாரும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அக்கா, ஒங்களுக்காக ஒரு தரம் விட்டா நாளைக்கு நான் யார்ட்டயும் கேட்க ஏலாது என்றாள். தையல் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து நானே வெட்டினேன். மஞ்சள் கிழங்கு தொட்டிக்குள் விழுந்தது. நாலாம் நாள் தீ மிதிக்கும்போது அப்பா தடுமாறி விழுந்து, இரண்டு உள்ளங்காலும் வெந்து போயின. அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, ஒன் காப்பு கையில இருக்கா என்பது. இருக்கு என்று பொய் சொன்னேன்.

கால் வெந்ததற்கும் காப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று படித்த எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அன்றிலிருந்து ஷிப்னாவோடு பேசுவதை விட்டேன். வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசினேன். அவள் இரண்டு முறை என் மேசையில் பலகாரம் கொண்டு வந்து வைத்தாள். அதை மற்றவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்து விட்டேன்.

இப்படி இருக்கும்போது அங்கம்மா வந்தாள். பூனாகலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், நாற்பத்தாறு வயது. மலையில் குளவி கலைந்து, உடம்பு முழுக்கக் கொட்டியிருந்தது. முகம் வீங்கிக் கண் தெரியவில்லை. சிறுநீர் கறுத்துப் போயிருந்தது, இரத்த அழுத்தம் ஏறவே இல்லை. மறுநாள் காலை எங்களிடம் கொண்டு வந்து சேர்த்தார்கள். கையில் கிடைத்த ஒரே நரம்பில் தற்காலிகமாக மருந்து ஓடிக்கொண்டிருந்தது. கழுத்துக் குழாய் போட வேண்டும் என்று டொக்டர் நிஸ்ஸங்க முடிவு செய்தார்.

டொக்டர் நிஸ்ஸங்கவைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தோட்டத்து ஆட்களிடம் தெரிந்த அரைகுறைத் தமிழில் பேசுவார், சத்தம் போட மாட்டார். அவருடைய தாய்க்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்து, ஒரு வார லீவு முடிந்து அன்றுதான் வந்திருந்தார். அவசரப்பட வேண்டாம், பத்துப் பதினைந்து நிமிஷம் கையிலுள்ளது தாங்கும், ஒழுங்காகச் செய்வோம் என்று எங்களிடம் சொன்னார். இதை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். நேரம் இருந்தது.

நான் அங்கம்மாவின் தலைமாட்டில் நின்று அவள் முகத்தைத் திருப்பிப் பிடித்திருந்தேன். ஷிப்னா தாளோடு எதிரில் நின்றாள். டொக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய இடது மணிக்கட்டில் மூன்று சுற்றுப் பிரித் நூல் இருந்தது. தாயின் கட்டிலைச் சுற்றி இரவு முழுவதும் பிரித் ஓதி, விடிந்ததும் அந்தத் தாயே மகனுக்குக் கட்டி விட்ட நூல். அதை அவர் காலையில் எங்களிடம் சொல்லியிருந்தார். நூல் நனைந்து சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

ஷிப்னா முதல் கட்டத்தை வாசித்தாள். கை கழுவியாயிற்று என்றார். இரண்டாவது கட்டத்தில் மணிக்கட்டில் எதுவும் இல்லையா என்று இருந்தது. அவள் வாயைத் திறந்து, நிறுத்தி, என்னைப் பார்த்தாள்.

நானும் அவளைப் பார்த்தேன். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரியும், ஆனால் ஐந்து வருஷம் பழகியவளுக்கு அது போதும். என் காப்பை வெட்ட வைத்தாயே, இப்போது இவரிடம் சொல் பார்ப்போம். அதுதான் என் கண்ணில் இருந்தது. நான் சிரித்தேன் என்று கூடச் சொல்லலாம்.

அவள் இரண்டாவது கட்டத்தை வாசிக்காமல் மூன்றாவதுக்குப் போனாள். தாளில் இரண்டாவதற்கும் சரி போட்டாள்.

அன்று சரியான அளவுக் கையுறை முடிந்து போய் எட்டாம் நம்பர்தான் இருந்தது. டொக்டருடைய கை சிறியது. குழாய்க்கு வழி காட்டும் கம்பியைக் கழுத்துக்குள் விடும் நேரத்தில் கையுறையின் வாய் நழுவி, அங்கியின் கைக்கும் கையுறைக்கும் நடுவில் நூலின் ஒரு முனை ஈரத்தோடு வெளியே வந்தது. கம்பியில் பட்டதா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வெளியே வந்ததை நான் பார்த்தேன். ஷிப்னாவும் பார்த்தாள். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வீம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பச்சைத் துணி மூடிய ஒரு மனுஷி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

அங்கம்மா தேறினாள். மூன்றாம் நாள் வீக்கம் வற்றிக் கண் திறந்தாள். வாய்க்காரி. மலையில் தன்னோடு ஓடியவர்களில் யார் யாருக்குக் கொட்டியது என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டாள். புருஷன் பிச்சமுத்துவுக்குச் சோறு வடிக்கத் தெரியாது, குழைத்து விடுவார் என்று கவலைப்பட்டாள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை, எழுந்து உட்கார முடியவில்லை, கையை உயர்த்தினால் எங்கேயோ ஒரு வயர் இழுத்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இத எப்ப மிஸி எடுப்பீங்க?" என்று ஷிப்னாவிடம் கேட்டாள். "மாட்டக் கட்டிப் போட்ட மாதிரி கெடக்கேன்."

நாளைக்கு என்றாள் ஷிப்னா. தினமும் காலையில் டொக்டர்கள் சுற்றி வரும்போது இந்தக் குழாய் இன்றைக்குத் தேவையா என்று கேட்பது அவள் வேலை. அங்கம்மாவுக்காக அவள் காலையில் கேட்டாள், மத்தியானம் கேட்டாள், சிஸ்டரிடமும் கேட்டாள். கை நரம்பெல்லாம் வீங்கிக் கிடக்கிறதே, மருந்தை வேறெங்கே கொடுப்பது, இன்னும் இரண்டு நாள் பொறு என்றார்கள். ஏன் இப்படிப் பறக்கிறாய் என்று டொக்டர் நிஸ்ஸங்கவே சிரித்துக்கொண்டு கேட்டார். அவளால் காரணம் சொல்ல முடியவில்லை. குழாயின் மூடியை மருந்தால் பதினைந்து விநாடி தேய்த்தால் போதும், அவள் ஒரு நிமிஷம் தேய்த்தாள். அங்கம்மாவின் குழாயை வேறு யாரையும் தொட விடவில்லை. வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் கட்டில் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு எல்லாம் புரிந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிச்சமுத்து தினமும் பூனாகலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். கை கழுவி, அங்கி போட்டு, ஐந்து நிமிஷம் மனைவியைப் பார்க்கலாம். நான்காம் நாள் மடியில் கொண்டு வந்த திருநீற்றை அங்கம்மாவின் நெற்றியில் பூசினார். சிஸ்டர் கண்டு கத்தினார். ஷிப்னா ஓடிப் போய் நெற்றியைத் துடைத்தாள். கழுத்து டிரெஸிங்கைப் பார்த்தாள். ஒரு துளி கூட அங்கே விழவில்லை. நானும் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் அங்கம்மாவுக்குக் குளிர் கண்டது. கட்டில் கம்பி ஆடுகிற அளவுக்கு நடுங்கினாள். குழாயிலிருந்தும் கையிலிருந்தும் இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். குழாய் இரத்தத்தில் முதலில் கிருமி வளர்ந்தது, அதாவது குழாய் வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. குழாயைக் கழற்றி, மருந்தை மாற்றி, செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். ஏற்கெனவே குளவி விஷம் சிறுநீரகத்தைத் தின்றிருந்தது. எட்டாம் நாள் மத்தியானம் பார்வையாளர் நேரம் தொடங்குவதற்கு முன்னால் இறந்து போனாள்.

அடுத்த கிழமை பிச்சமுத்து ஏதோ கடிதம் வாங்க வந்தார். நடைபாதையில் எங்கள் இருவரையும் ஒன்றாகக் கண்டு நின்றார். முகம் வழிக்காமல் தாடி வளர்ந்திருந்தது.

"மிஸி, நான் பூசுன துன்னூறுதான் அவளக் கொன்னுருச்சா?"

சிஸ்டர் அன்று கத்தியதை அவர் அப்படியே மனதில் வைத்திருந்தார். அப்படியெல்லாம் இல்லங்க, வீட்டுக்குப் போங்க என்று நான் அவசரமாகச் சொன்னேன். ஷிப்னா அவர் படியிறங்கிப் போகும் வரை அவருடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் விசாரணைக் கூட்டம். பெரிய விசாரணை என்று நினைக்க வேண்டாம். குழாயால் தொற்று வந்தால் எங்கே பிழை நடந்தது என்று உட்கார்ந்து பேசுவது எங்கள் பிரிவின் வழக்கம். நிபுணர் அம்மா, டொக்டர் நிஸ்ஸங்க, சிஸ்டர், ஷிப்னா, நான், இன்னும் மூன்று நான்கு பேர். மேசை நடுவில் அந்தத் தாள். பதினொரு கட்டத்திலும் சரி, கீழே ஷிப்னாவின் கையெழுத்து. குழாய் போட்டதில் பிழை இல்லை, அப்படியானால் பிறகுதான் ஏதோ நடந்திருக்கிறது என்று பேச்சு நகர்ந்தது. அப்போதுதான் சிஸ்டர் திருநீற்றைச் சொன்னார். தோட்டத்து ஆட்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எப்போதும் சொல்கிற மாதிரி சொன்னார். குடும்பத்தாரின் பழக்கம் காரணமாக இருக்கலாம் என்று எழுதிக்கொள்வோம், இனித் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கட்டும் என்று ஒருவர் சொன்னார். சரி என்று தலைகள் ஆடின.

அந்த அறையில் லயத்தில் பிறந்தவள் நான் ஒருத்திதான். என் அப்பாவும் நாளைக்கு அந்தக் கண்ணாடிக்கு வெளியே நிற்கக் கூடியவர். திருநீறு கழுத்தில் படவில்லை என்று என் கண்ணால் கண்டவள். என் வாய் திறக்கவில்லை. திறந்தால் அதற்கடுத்த கேள்வி எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

ஷிப்னா எழுந்து நின்றாள். எங்கள் கூட்டங்களில் யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை. இரண்டாவது கட்டத்தில் நான் போட்ட சரி பொய் என்று சிங்களத்தில் சொன்னாள். டொக்டருடைய மணிக்கட்டில் நூல் இருந்தது, நான் கண்டேன், வாசிக்காமல் தாண்டினேன், குழாய் போடும்போது நூல் வெளியே வந்ததையும் கண்டேன், நிறுத்தவில்லை. திருநீறு நெற்றியில் மட்டும்தான் இருந்தது. கிருமி நூலிலிருந்துதான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் அந்த மனுஷனுடைய பெயரை எழுதாதீர்கள்.

டொக்டர் நிஸ்ஸங்க தன் மணிக்கட்டைப் பார்த்தார். நூல் இன்னும் அங்கேயே இருந்தது.

"ஏன் சொல்லவில்லை, ஷிப்னா? சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே வெட்டியிருப்பேனே."

கோபமாகக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அவர் நல்ல மனுஷன், வெட்டியும் இருப்பார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். பயந்து பழக்கம் இல்லாத ஆட்கள் கேட்கிற கேள்வி. பயம், சேர் என்றாள் ஷிப்னா. எதற்குப் பயம் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். டொக்டர் மெதுவாக நூலை அவிழ்த்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இதை வேறு யாராவது பார்த்தார்களா என்று நிபுணர் அம்மா கேட்டார்.

ஷிப்னா என் பக்கம் திரும்பவே இல்லை. நிரோஜா தலைமாட்டில் நோயாளியின் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரிந்திருக்காது என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், தெரியாது.

பிச்சமுத்துவின் பெயர் அறிக்கையில் வரவில்லை. பொய்யான பதிவுக்காக ஷிப்னாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தொற்றுத் தடுப்புப் பொறுப்பிலிருந்து எடுத்து, வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றினார்கள். டொக்டர் நிஸ்ஸங்க அவளுக்காகப் பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு பிரிவு முழுவதும் ஒரு கதை உலாவியது. முஸ்லிம் பிள்ளை பிரித் நூலால் ஆள் செத்தது என்று சொல்லிவிட்டாளாம். அவள் அப்படிச் சொல்லவில்லை என்று கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். எத்தனை பேர் அதை வெளியே எடுத்துச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

அவள் பிரிவை விட்டுப் போன அன்று பஸ் நிலையம் வரை கூடப் போனேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒன்றாக நடந்தோம். பண்டாரவளை பஸ் வர நேரம் இருந்தது. அவள் போனை எடுத்துப் பிச்சமுத்துவை அழைத்தாள்.

"துன்னூறால இல்லங்க. எங்கட கையால. நான் பார்த்துக்கிட்டு சும்மா நின்டேன். நீங்க ஒண்டும் செய்யல்ல."

அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ தெரியாது. அவள் போனைக் காதில் வைத்தபடி நெடுநேரம் நின்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. பிறகு போனைப் பைக்குள் போட்டாள். கூட்டத்தில் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஒங்கட காப்ப வெட்டச் சொன்னப்ப எனக்குப் பயமே வரல்ல அக்கா. ஏன் தெரியுமா? நீங்க என்னை ஒண்டும் செய்ய மாட்டீங்க என்டு தெரியும். எனக்குத் தைரியம் என்டு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அது தைரியமில்ல, ஒங்கள மாதிரி ஆளுக்கிட்ட மட்டும் காட்டின அதிகாரம். அன்டைக்கு நீங்க சிரிச்சதும் அதத்தான் சொல்லிச்சு. சரியாத்தான் சொல்லிச்சு."

அவள் அதை ஒரு மன்னிப்பாகச் சொன்னாள். நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியவள். அதைச் சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது பஸ் வந்து விட்டது. கூட்டத்தில் இடம் பிடிக்க அவள் ஓடினாள்.

வெளிநோயாளர் பிரிவில் இப்போது அவள் டிக்கெட் நம்பர் கூப்பிட்டு, இரத்த அழுத்தம் பார்த்து அனுப்புகிறாள். தோட்டத்து ஆட்கள் அங்கேயும் அவளைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். எப்போதாவது சாப்பாட்டு அறையில் காண்கிறேன். அக்கா என்று சிரிப்பாள். கையைப் பற்றி இப்போது யாரிடமும் எதுவும் பேசுவதில்லை.

அந்தத் தாளை அவளுக்குப் பிறகு யார் வாசிப்பது என்று பேச்சு வந்தபோது, ஐந்து வருஷமாக ஒரு பிழையிலும் பெயர் வராத ஆள் என்று சிஸ்டர் என்னைச் சொன்னார். எல்லாருக்கும் சம்மதம். டொக்டர் நிஸ்ஸங்க இப்போது நான் இரண்டாவது கட்டத்துக்கு வருவதற்கு முன்னாலேயே இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டுகிறார். மணிக்கட்டில் எதுவும் இல்லை என்று உரக்க வாசித்து, சரி போட்டு, கீழே கையெழுத்து வைக்கிறேன். சிஸ்டர் கேட்ட அன்று மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.